புற்றுக்காளானா, போலியா?

தென்மேற்குப் பருவமழையில் இரண்டு இடி இடித்துவிட்டால் போதும், எங்கள் தென்காசிப் பக்கத்து மலையடிவாரத்தில் பிள்ளைகள் வீடு தங்கமாட்டார்கள். கூடையும் கையுமாகக் காளான் தேடக் கிளம்பிவிடுவார்கள். கரையான்கள் புற்றுக்குள்ளே பயிர் செய்கிற ஒரு பூசணத்தின் பூதான் புற்றுக்காளான். ருசியில் கறி தோற்றுவிடும்!

சில வருஷங்களுக்கு முன் என் நாத்தனார் மகன் ஒரு கூடை வெள்ளைக் காளான் கொண்டுவந்தான். மஞ்சள் துண்டு போட்டு வேகவைத்தேன். மஞ்சள் கறுக்கவில்லை, அதனால் நல்லது என்று பரிமாறிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் மீட்டோம். மஞ்சள், பூண்டு, வெள்ளிக்காசு, பூச்சி கடித்திருக்கிறதா என்ற சோதனை எல்லாமே வெறும் பேச்சு என்று டாக்டர் சொன்னபோது வெட்கமாகப் போய்விட்டது. வேகவைத்துவிட்டால் விஷம் போய்விடும் என்று நம்பக் கூடாதாமே!

அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: "வேரைத் தோண்டிப் பாத்தியாம்மா?"

புற்றுக்காளான் தண்டு மண்ணோடு முடியாது. வேர் போல நீண்டு கரையான் கூடு வரை இறங்கும். குடை நடுவில் கூரான மேடு, சாம்பல் அல்லது தவிட்டு நிறத்தில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த போலிக்கு வேர் இல்லை. குடைமேல் பழுப்புச் செதில்கள், முற்றினால் அடிமடிப்பு பச்சை பாயும். தண்டில் வளையம் இரண்டிலுமே வரும், அதை நம்பாதீர்கள்.

சந்தேகமா? முற்றிய குடை ஒன்றை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே தம்ளரை மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். புற்றுக்காளான் இளஞ்சிவப்பாகப் பொடி உதிர்க்கும். போலி பச்சையாக உதிர்க்கும். பொடி மட்டும் சரியாயிருந்தால் போதாது. வேர், மேடு, எல்லாமே ஒத்துவர வேண்டும்.

கூட்டங்கூட்டமாக முளைக்கும் பொடி அரிசிக்காளானும் இந்த இனம்தான், ஆனால் அதற்கு நீண்ட வேர் கிடையாது. அத்தை பார்த்துச் சொல்லாமல் அதை நான் தொடுவதேயில்லை.

தண்டின் அடியில் முட்டையோடு போலக் கிண்ணம் இருந்தால் கூடையில்கூடப் போடாதீர்கள். அப்படிப்பட்ட காளான்களில் உயிரைக் குடிப்பவை உண்டு. ஆறு மணி நேரத்துக்குமேல் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், நடுவில் சரியானது போலத் தோன்றும், பிறகு ஈரலைத் தாக்கும். ஆகவே வாந்தி நின்றுவிட்டதே என்று இருந்துவிடாமல், மிச்சக் காளானையும் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.