ஏடு கேட்ட சட்டங்கள்

கண்டித் தலதா மாளிகையை அடுத்து மகுல் மடுவ என்னும் அரச மண்டபம் நிற்கின்றது. 1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர்க்கு ஒப்புவித்த உடன்படிக்கை ஈண்டே வாசிக்கப்பெற்றது. அம்மண்டபத்துக்கு ஒருநாள் மாணாக்கரை அழைத்துச் சென்றபோது, "ஐயா, பழங்கதையால் இன்று யாது பயன்?" என ஒருவன் வினவினான். கதை பழையது, அதனைக் காட்டி இயற்றும் சட்டமோ என்றும் புதியது என்றேன்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நோக்குக. காடும் தரிசும் முடிக்குரியன என்று அது கொண்டது. கண்டிப் பகுதியிற் சேனைப் பயிர் செய்தோன் தன் உரிமைக்குச் சன்னசு முதலிய சான்று காட்டல் வேண்டும். வழிவழி உழைத்த குடியானவனிடம் ஏடு ஏது? நிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாயின. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்திய ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர்.

கண்டிக் குடியானவன் நிலமிழந்தான் என்பது மெய். இழப்பித்தோர் சட்டமியற்றிய ஆட்சியாளரும் நிலம் வாங்கிய துரைமாருமே. ஆயினும் பின்னாளில் அரசியல் மேடைகளிற் பழி தொழிலாளர் மேல் விழுந்தது. ஒருவனுடைய உண்மைத் துயரை எடுத்து மற்றோர் ஏழைமேல் எறிதல் வரலாற்றைப் பிழைபடக் கையாளுதலாகும்.

அதன் விளைவு யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்குப் பிறந்தோனுக்கும், தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டுமென்றது. இலயத்திற் பிறந்தோரிடம் மூதாதையர் பிறப்புக்கு ஏடு ஏது? 1964 ஒக்டோபர் 30இல் ஈரரசுகளும் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பகிர்ந்தன; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாமென விடுத்தன.

1753இல் சீயத்துப் பிக்குமாரை வரவழைத்து உபசம்பதை மரபை மீள நிறுவுவித்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவன். பாட்டனின் பிறப்பிடமே அளவுகோலாயின் அவனும் அயலானே! வேண்டுவதை மட்டும் நினைவு கொள்வோர்க்கு இது நினைவுக்கு வாராது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாய் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை அளித்தது. அது பாட்டன் பிறப்பைக் கேளாது, வாழ்ந்த வாழ்வையே சான்றாக ஏற்றது. வரலாற்றைச் செவ்விதாய்ப் பயன்படுத்தும் நெறி இதுவே. ஆனால் அதற்குள் 55 ஆண்டுகள் கழிந்தன.

நாளை சட்டமியற்றும் இடத்தில் அமரப்போகும் மாணாக்கர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று: ஏழையிடம் ஏடு கேட்குமுன், அவன் கையில் ஏடு இல்லாது போன காரணத்தைக் கேட்பாராக.