வயிறு சொல்வதை வாய் சொல்லட்டும்

காலை ஏழு மணி. சமையலறையில் காபி வாசம். அடுப்படியில் நின்றபடியே வீட்டம்மா கேட்டார்: "கோமோ அமனெசிஸ்தே, மிஹீத்தா?" எப்படி விடிந்தாய் மகளே என்று அதற்குப் பொருள். இரவு முழுக்கத் தூக்கமில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் வலி, வயிற்றில் புரட்டல். என் பதிலோ ஒரே சொல்: "பியென்." நன்றாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஸ்பானியத்தில் சுலபமான சொல் அதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு செமஸ்டருக்கு ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவுக்குப் போயிருந்தேன். விடுதி கிடையாது. உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் பேசுவதைப் பேசிப் பழக வேண்டும். முதல் பத்து நாள் பட்ட பாட்டில் பாதி மலையால் வந்தது. மீதி என் கூச்சத்தால் வந்தது. இப்படிப் போகிறவர்கள் இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தொட்டபெட்டாவைவிட உயரமான ஊர்

நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கீட்டோ நகரம் அதையும் தாண்டி, சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால், கடற்கரை ஊரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் கால் பங்குக்கும் மேல் அங்கே குறைந்துபோகிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இரவில் அடிக்கடி விழிப்பு வரும், சிறுநீரும் வழக்கத்தைவிட அதிகமாகப் போகும். உடல் தன்னைப் பழக்கிக்கொள்வதன் அடையாளங்கள் இவை, பயப்பட வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி சேர்ந்துகொண்டால் அது மலைநோய். அங்கே அதற்குச் 'சொரோச்சே' என்று பெயர். 2,500 மீட்டருக்கு மேல் போகிற யாருக்கும் இது வரலாம். விளையாட்டு வீரர், இளம் வயது என்ற விலக்கெல்லாம் இல்லை. வழக்கமாகப் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் தணியும். அதுவரை ஓட்டம், உடற்பயிற்சி, மது, தூக்க மாத்திரை எதுவும் வேண்டாம். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. ஆனால் அதை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கேபிள் கார்

நான் போன மூன்றாம் நாள் சனிக்கிழமை. அந்த வீட்டுப் பையன் ஆசையோடு, "தெலெஃபெரிகோ போகலாமா?" என்றான். பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் ஏறும் கேபிள் கார் அது. சுமார் 3,100 மீட்டரில் கிளம்பி 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். காலையிலிருந்தே தலை வலித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் அவன் முகம் வாடிவிடுமே என்று "சி, சி" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டினேன். மேலே கீட்டோ முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. நான் பார்த்ததெல்லாம் கைப்பிடிக் கம்பியும் என் செருப்பும்தான். வாந்தி எடுத்தேன். அவன் பதறிப்போய் அடுத்த பெட்டியிலேயே என்னைக் கீழே இறக்கினான். வீடு வந்து சேருவதற்குள் பாதி சரியாகிவிட்டது.

மலைநோய் இருக்கும்போது இன்னும் மேலே ஏறக் கூடாது, கூடினால் கீழே இறங்க வேண்டும். முதல் விதியே இதுதான். கேபிள் கார் எங்கும் ஓடிவிடாது. ஒரு வாரம் கழித்துப் போகலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, இருமலோடு நுரை வந்தாலோ, பேச்சு குழறினாலோ அது சாதாரண சொரோச்சே இல்லை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். சந்தேகம் வந்தால், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் தாமதம் கூடாது. ஈக்வடாரில் அவசர உதவிக்கு 911; ஸ்பானியம் பழக ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு 112.

மறுக்கத் தெரியாத வயிறு

அங்கே நாளின் பெரிய சாப்பாடு மதியம்தான். முதலில் ஒரு பெரிய கிண்ணம் சூப். உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து, பாலாடைக்கட்டியும் அவகாடோவும் போட்ட 'லோக்ரோ' என்றால் அதுவே வயிற்றை நிறைத்துவிடும். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் மலையாகச் சோறும் அதன் பக்கத்தில் கறியும் வந்தன. இரவில் ரொட்டி, காபி என்று லேசாக முடித்துக்கொள்வார்கள். ஒரு வகையில் இது நல்ல பழக்கம். உயரமான இடத்தில் முதல் சில நாள் செரிமானம் மந்தமாக இருக்கும், ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கமும் கெடும்.

சிக்கல் அளவில்தான். விருந்தோம்பலில் அவர்களும் நம்மைப்போலத்தான்: தட்டு காலியானால் அடுத்த கரண்டி விழும். முழுதாகச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பதைவிட, தொடக்கத்திலேயே "உன் போகீத்தோ, போர் ஃபவோர்" (கொஞ்சமாகப் போடுங்கள்) என்று சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்றால் பலருக்கும் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் கேட்கும், கோழி வந்துவிடும். சூப்பின் அடிச்சாறு கோழி எலும்பில் வைத்ததாக இருக்கலாம். வதக்குவது 'மன்தேகா' எனும் பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். கோழி, மீன், எலும்புச்சாறு, கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் மறுக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உருளைக்கிழங்கு அடையான யாபிங்காச்சோவின் மேல் கடலைக் குழம்பை ஊற்றுவது அங்கே வழக்கம். நாம் மணிலாக்கொட்டை என்பதை அவர்கள் 'மனீ' என்கிறார்கள். அதே ஸ்பானியத்தில் மெக்ஸிகோவிலும் ஸ்பெயினிலும் அதற்கு வேறு பெயர். போகிற நாட்டின் சொல்லைத் தாளில் எழுதி முதல் நாளே சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்று நிமிடக் கொதி

புது ஊரின் கிருமிகளுக்கு உடல் பழகும்வரை வயிற்றுப்போக்கு வருவது சகஜம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், மூன்று முதல் ஐந்து நாளில் போய்விடும். அந்த வீட்டார் குழாய்த் தண்ணீரையே குடித்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வந்தவர் கொதிக்கவைத்த தண்ணீரைக் குடிப்பதே நல்லது. இதிலும் மலை ஒரு வேலை காட்டுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில், குமிழி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். மதியச் சாப்பாட்டோடு தரும் பழச்சாற்றிலும் தண்ணீர் கலந்திருக்கும். "அக்வா எர்விதா?" (கொதித்த தண்ணீரா?) என்று கேட்பதில் தவறில்லை.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து உப்புச்சர்க்கரைக் கரைசல். அங்கே மருந்துக்கடையில் 'சுவேரோ ஓரால்' என்று கேட்டால் கிடைக்கும். கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் சுருங்கிப்போதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள்.

குளிரில் சுடும் வெயில்

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்த எனக்கு மாலையில் மூக்குத்தண்டு தோல் உரிந்தது. கீட்டோ நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. 11-ஐ எட்டினால் 'அதிதீவிரம்' எனப்படும் புற ஊதாக் குறியீடு அங்கே அடிக்கடி அந்த எல்லையைத் தாண்டும். கறுத்த தோல் கருகாது என்ற நம்பிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் செய்த கேடு

1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயங்கிய நிலையில் 18 வயது இளைஞர் ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானியம் பேசும் குடும்பம். அவர் 'இன்தோக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் சொன்ன சொல் அது. ஆங்கிலத்தில் அதுபோல் ஒலிக்கும் சொல்லுக்குப் போதை என்று பொருள் என்பதால், போதைமருந்தை அளவுக்கு மீறி எடுத்தவராக நினைத்துச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அவர் மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது கை, கால் நான்கும் செயலிழந்துவிட்டன.

தெரிந்த சொல் என்று நினைப்பதே சில நேரம் ஆபத்து. உடம்பு சரியில்லாதபோது பெரிய சொல்லைத் தேடாதீர்கள். "மே துவெலே" (எனக்கு வலிக்கிறது) என்று சொல்லி, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை முறை என்பதை விரலால் காட்டுங்கள். உங்கள் மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, ரத்தப் பிரிவு மூன்றையும் ஸ்பானியத்தில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

மாலையில் வரும் களைப்பு

நாள் முழுக்க வேற்று மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், மாலை ஆறு மணிக்கு மூளை கடையைச் சாத்திவிடும். அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்ளத் தோன்றும். அழுகை வரும், அம்மாவின் ரசம் நினைவுக்கு வரும். கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் 'கலாச்சார அதிர்ச்சி'யை விவரித்தார். தண்ணீர், உணவு, படுக்கை பற்றிய அளவுமீறிய பயத்தையும் அதன் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

தினமும் அரைமணி நேரம் தனியாக இருங்கள், வீட்டாரிடம் சொல்லிவிட்டே இருங்கள். ஊருக்கு ஃபோன் பேசலாம். ஆனால் இரவு ஒரு மணிவரை வேண்டாம். தூக்கம், பசி, எதிலும் நாட்டம் இல்லாத நிலை இரண்டு வாரத்தைத் தாண்டினால், கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கிளம்பும் முன்

நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மலை இன்னும் மூச்சு வாங்கவைக்கும், பரிசோதித்துக்கொண்டு போங்கள். ஹெப்படைட்டிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈக்வடாரின் கிழக்கே அமேசான் பக்கம் போவதாக இருந்தால், குறைந்தது பத்து நாள் முன்னதாக மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் (இது மஞ்சள்காமாலை இல்லை). ஆஸ்துமா, சர்க்கரை நோய் மருந்துகளைக் கைப்பையில் மருந்துச்சீட்டோடு வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அந்த வீட்டின் சாப்பாட்டு நேரத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான் வரும்.

எப்படி விடிந்தாய்?

கேபிள் காருக்கு மறுநாள் காலை, அதே அடுப்படியிலிருந்து அதே கேள்வி வந்தது. இந்த முறை "மால்" என்றேன். நன்றாக இல்லை. "மே துவெலே" என்று நெற்றியையும் வயிற்றையும் தொட்டுக் காட்டினேன். வீட்டம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஓரிகானோ இலை போட்ட வெந்நீர் ஒரு கோப்பை வந்தது. மதியம் கிண்ணத்தில் பாதி சூப்தான் இருந்தது.

ஒவ்வொரு காலையும் அவர் கேட்டதை வெறும் வணக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் பதிலுக்காகத்தான் கேட்டிருக்கிறார்.