மலைப் பாதையில் ஓட்டம்... கூடவே டாமி!

மலையூர் ஓட்டப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். 10 கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். கையில் மூன்று மாதம் இருக்கிறது. அலாரம் அடிக்கும் முன்பே வந்து போர்வையை இழுக்கிற ஆள் ஒருத்தர் வீட்டிலேயே இருக்கிறார், வாலை ஆட்டிக்கொண்டு! ‘இவனையே கூட்டிக்கிட்டு ஓடினா என்ன?’ என்று தோன்றுகிறதா? தாராளமாக. தனியாக ஓடுகிறவர் லேசாகத் தூறினாலே மறுபடி படுத்துக்கொள்வார். வாசலில் நாய் காத்திருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது.

ஆனால் ஒன்று. பயிற்சி அட்டவணை உங்களுக்காகப் போட்டது. அதை அப்படியே டாமியின் தலையில் கட்டக் கூடாது.

களைத்துப்போனால் நாம் ‘போதும்ப்பா’ என்று உட்கார்ந்துவிடுவோம். பல நாய்கள் உட்காராது. எஜமான் ஓடுகிறவரை ஓடும், சுருண்டு விழுகிற வரைக்கும்கூட. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ள வேண்டும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகும். நமக்கு 98.4 டிகிரி என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 வரை நார்மல். 105-ஐத் தாண்டினால் ஆபத்து.

அதனால் நாயோடு ஓடுவது விடியற்காலையில் மட்டும். ‘சாயங்காலம் வெயில் தாழ்ந்துடுச்சே’ என்பீர்கள். தார் ரோடு தாழ்ந்திருக்காதே! புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால், டாமியின் பாதமும் தாங்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு ஜாதிகளுக்கு இந்த ஓட்டமே வேண்டாம், நடை போதும். சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் ‘நம்ம நாட்டு நாய், வேட்டை நாயாச்சே’ என்று மார்தட்ட வேண்டாம். முயலைத் துரத்துகிற சில நிமிடப் பாய்ச்சல் வேறு, ஒரு மணி நேர ஏற்றம் வேறு.

நாக்கு அகலமாக விரிந்து, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் செவேலென்று மாறி, நடை தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே நிழலுக்குத் தூக்குங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் பலவந்தமாகத் தண்ணீர் புகட்டவும் கூடாது. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆட்டோ பிடிப்பது. எழுந்து வாலாட்டினாலும் வெட்னரி டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பின்னால்தான் தெரியவரும்.

சரி, ஏற்றத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் நாயோடு ஓடுவதே ஒரு தனி விளையாட்டு. ‘கேனிக்ராஸ்’ என்று பெயர். நாய்க்கு மார்புப் பட்டை, மனிதருக்கு இடுப்பு பெல்ட், நடுவில் இழுத்தால் நீளும் கயிறு. நீங்களும் அப்படியே செய்யலாம். கழுத்துப் பட்டையில் கட்டினால் மூச்சுக்குழல் அழுந்தும். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டால், பூனை ஒன்று குறுக்கே ஓடும்போது விரல் எலும்பு போய்விடும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாட்டசாட்டமான நாய் முன்னால் இழுத்தால் மேம்பாலம்கூடச் சுலபமாக ஏறிவிடும். ‘அட, நேரம் குறைஞ்சிருக்கே!’ என்று நீங்கள் குஷியாவீர்கள். குறைத்தது உங்கள் தொடையல்ல, டாமி. போட்டிக்கு அவன் வரமாட்டான். பெரும்பாலான போட்டிகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் அவனோடு மெதுவான ஓட்டம். கடினமான ஏற்றமும் நீண்ட தூரமும் தனியாக.

இறக்கம் கட்டாயம் தனியாகத்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் முனகுவது அதனால்தான். முன்கூட்டியே சிறுகச் சிறுக இறங்கிப் பழகினால் அந்த வலி வெகுவாகக் குறையும். மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கு மேம்பாலச் சரிவு போதும். அந்த நேரத்தில் இடுப்பில் ஒரு நாய் இழுத்தால் முகம் தரையில்தான். நாயோடு ஏறினால், இறங்கும்போது நடந்தே வாருங்கள். அதன் முன்னங்கால் மூட்டுக்கும் நல்லது.

எல்லா நாயும் ஓடத் தயார் என்று நினைக்காதீர்கள். எலும்பு முற்ற ஒரு வருடம் ஆகும், பெரிய ஜாதிக்கு ஒன்றரை வருடம்கூட. அதுவரை விளையாட்டு மட்டும். பிறகும் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று 15 நிமிடத்தில் ஆரம்பிக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் ஓட்டினால் நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடி முடித்துக் களைப்பாறிய பிறகு சாப்பாடு வைப்பதே உத்தமம். வெறிநாய்க்கடி தடுப்பூசி, உண்ணிக்கு மருந்து இரண்டும் கெடு தவறக் கூடாது. (நாற்பது தாண்டிய நீங்கள் பி.பி., சுகர், ஈ.சி.ஜி. பார்த்தாயிற்றா?)

போட்டிக்கு முன்பே மலைக்குப் போய்ப் பழக நினைத்தால், இருட்டு பிரியும் முன் நாயோடு ரோட்டில் இறங்காதீர்கள். நீலகிரி, வால்பாறைப் பக்கத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சிறுத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு இஷ்டம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஊருக்குள் ஓடுங்கள். காட்டுப் பாதைக்கு நாயைக் கொண்டு போகவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி வலது ஓரமாகப் போங்கள். நாய் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கட்டும்.

போட்டிக்கு முந்தைய வாரம் உங்களுக்கு ஓய்வு. அது டாமிக்குப் புரியாது. வழக்கம்போல ஐந்து மணிக்குப் போர்வையை இழுப்பான். அந்த ஒரு வாரம் வீட்டில் வேறு யாராவது அவனை நடக்கக் கூட்டிப் போகட்டும்.