போகும் உரிமை

ஓரிக்கை என்னும் பெயர் 'ஓர் இரவு இருக்கை' என்பதன் மரூஉ என்பர். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். காஞ்சித் திருமாலும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் இதுவே என்பது வைணவ மரபு. மன்னன் வருந்தி அழைக்க, மீண்டனர்.

'போ' என்னும் ஆணை கொடிது. 'போகாதே' என்னும் ஆணையோ? நேயர்கள் யாழ்ப்பாணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னிலங்கைக்கு அதன் முதன்மையான நிலவழி ஆனையிறவு வழியே செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தால் திறந்த அவ்வழி, 2006 ஆகஸ்டில் முகமாலையில் போர் மூண்டதும் அடைபட்டது. உணவுப் பொருள்கள் கப்பலை எதிர்நோக்கின. கொழும்பு செல்ல விரும்பியவர் படையினரின் அனுமதி பெற்று, கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்தனர். நோயாளி காத்திருக்கலாம், நோய் காத்திருக்குமா?

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு, நாட்டுக்குள் நடமாடும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையும் அவ்வாறே கூறுகிறது. தன் நாட்டை விட்டுச் செல்லும் உரிமையையும் அது சேர்த்துரைக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்காக இவற்றைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் சட்டப்படியும், தேவையின் அளவிலுமே. பகைவனை மறிப்பது வேறு, ஊரையே பூட்டுவது வேறு. 2007இல் காசாவின் எல்லைகளை இஸ்ரேலும் எகிப்தும் இறுக அடைத்தபோது பாலஸ்தீன மக்கள் முன் நின்ற வினாவும் இதுவே.

ஏ-9 சாலை, 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்குப் படிப்படியாகத் திறந்தது.