சோமாசி வெடிக்கலாமா?

'டப்!'

சத்தம் கேட்டதும் தெருவில் யாரோ வெடி போடுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். தீபாவளிக்கு இன்னும் நாலு நாள். சிவகாசிப் பக்கம் இதெல்லாம் சகஜம்தானே! ஆனால் சத்தம் வந்தது எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து. வாணலியில் கிடந்த சோமாசி ஒன்று வாய் பிளந்து, உள்ளே இருந்த பூரணம் எண்ணெயில் கொட்டி, தெறித்த எண்ணெய் மதினியின் முழங்கையில் பட்டு... நல்லவேளை, பெரிய காயமில்லை. ஆனால் அந்த வருஷத்துச் சோமாசியில் பாதி, கருகல் வாசனையோடுதான் டப்பாவுக்குள் போனது.

''பட்டாசு வெடிக்கலேன்னா குத்தம். சோமாசி வெடிச்சா குத்தம்!'' என்றார் அத்தை, மதினியின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே.

சிரித்தாலும் விஷயம் அதுதான். சோமாசி ஏன் வெடிக்கிறது, வெடிக்காமல் எப்படிச் செய்வது, செய்ததை எத்தனை சாப்பிடுவது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பண்டிகைப் பலகாரம் உடம்புக்கும் கைக்கும் உபத்திரவம் இல்லாமல் முடிந்துவிடும்.

நம்ம ஊர் 'பை'

விருதுநகர் மாவட்டத்தில் தின்பண்டத்துக்குப் பஞ்சமே இல்லை. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா, சாத்தூர் காராச்சேவு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று ஊருக்கு ஒரு பெயர். எல்லாமே கடையில் வாங்குகிற சங்கதி. சோமாசி அப்படியில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் தேய்க்க, ஒருத்தர் பூரணம் வைக்க, ஒருத்தர் ஓரம் மடிக்க என்று வீட்டில் செய்தால்தான் அதற்கு ருசி.

மாவுக்குள் பூரணம் வைத்து மூடுகிற பலகாரம் உலகம் பூராவும் உண்டு. மகாராஷ்டிரத்தில் கரஞ்சி, வடக்கே குஜியா, ஆந்திராவில் கஜ்ஜிகாயலு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன 'பேஸ்டி'யும் இதே அரைவட்டம்தான். மேல்நாட்டு இல்லத்தரசிகள் ஆப்பிள் வைத்து அவனில் சுடுகிற 'பை'யும் நம்ம சோமாசிக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். பை மாவுக்கு வெண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். அது மாவுக்குள் உருகாமல் சின்னச் சின்னத் துண்டாக இருந்தால்தான் அவனில் சுடும்போது அடுக்கடுக்காகப் பிரியும். நம்ம கரிசல் காட்டு வெயிலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் எத்தனை நேரம் கெட்டியாக நிற்கும்? நம் பாட்டிமார்கள் வழியே வேறு. நெய்யைச் சூடாக்கி மாவில் ஊற்றிப் பிசிறிவிட்டார்கள். கொழுப்பு மாவுத் துகளைப் போர்த்திக்கொள்வதால் தண்ணீர் சேர்த்தாலும் ரப்பர் போல இழுக்காது. கரகரப்பாக, பொலபொலவென்று உடையும். ஊருக்கு ஏற்ற சமையல் என்பது இதுதான்!

ஏன் வெடிக்கிறது?

பட்டாசு எப்படி வெடிக்கிறது? உள்ளே சட்டென்று உண்டாகும் வாயு, இறுக்கிச் சுற்றிய காகிதத்துக்குள் அடைபட்டு, வழியில்லாமல் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. சோமாசியிலும் ஏறக்குறைய அதே கதைதான். மருந்துக்குப் பதில் ஈரம்.

தண்ணீர் ஆவியாக மாறினால் சுமார் 1,600 மடங்கு இடத்தைக் கேட்கும். பூரணத்தில் ஈரத் தேங்காய் இருந்தால், கொதிக்கிற எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகி, ஓரம் எங்கே பலவீனமோ அங்கே பிளந்துவிடும். உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டில் விரிந்து தன் பங்குக்குத் தள்ளும்.

பிளந்தால் நஷ்டம் ஒன்றல்ல, மூன்று. எண்ணெய் தெறித்துக் கை சுடும். கொட்டிய சர்க்கரை கருகி எண்ணெயைக் கெடுக்கும். அந்த எண்ணெயில் அடுத்துப் பொரிகிற அத்தனையும் கசக்கும்.

வெடிக்காமல் செய்ய...

சுமார் 25 சோமாசிக்கு அளவு இது. மேல் மாவுக்கு மைதா கால் கிலோ, ரவை 2 டேபிள்ஸ்பூன், நெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பூரணத்துக்குப் பொட்டுக்கடலை 100 கிராம், சர்க்கரை 100 கிராம், கொப்பரைத் துருவல் 50 கிராம், முந்திரி 25 கிராம், ஏலக்காய் நாலு.

• நெய்யைச் சூடாக்கி மாவில் ஊற்றி, கரண்டியால் கலந்து, கை பொறுக்கிற சூடு வந்ததும் பிசிறுங்கள். ஒரு பிடி மாவை அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், அதுதான் பதம். பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பூரி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

• கொப்பரை நல்லது. பச்சைத் தேங்காய்தான் வேண்டும் என்றால், கையில் எடுத்தால் சலசலவென்று உதிரும்வரை இளந்தீயில் வறுங்கள். பொட்டுக்கடலையையும் லேசாகச் சூடு காட்டுங்கள். எல்லாம் நன்றாக ஆறியபிறகே பொடிக்க வேண்டும். சூட்டோடு பொடித்தால் பூரணம் வியர்க்கும்.

• அப்பளத்தை மெல்லிசாகத் தேய்த்து, பாதியில் முக்கால் அளவு பூரணம் வையுங்கள். 'இன்னும் ஒரு ஸ்பூன் வைக்கலாமே' என்ற ஆசைதான் முதல் எதிரி!

• ஓரத்தில் விரலால் தண்ணீரோ பாலோ தொட்டுத் தடவி, உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளி அழுத்தி மூடுங்கள். ஓரத்தில் பூரணத் தூள் ஒட்டியிருந்தால் அங்கே நிச்சயம் விரியும்; துடைத்துவிடுங்கள். சோமாசிக் கரண்டியால் வெட்டினாலும் சரி, கையால் முறுக்கி மடித்தாலும் சரி, அச்சில் அழுத்தினாலும் சரி... இடைவெளி இருக்கக் கூடாது.

• ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மாவு காய்ந்து ஓரம் வெடித்துவிடும். மடித்ததையும் ஈரத்துணியால் மூடியே வையுங்கள்.

• எண்ணெய் புகையக் கூடாது. ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் போய், நிதானமாக மேலே வர வேண்டும். போட்டதும் துள்ளி மேலே வந்தால் சூடு அதிகம். மேலே கொப்புளம் கட்டும், உள்ளே வேகாது. ஒரு ஈட்டுக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

பட்டாசு அறை விதி, அடுப்படிக்கும்!

இந்தப் பகுதிக்காரர்களுக்கு நெருப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்கென்று விதிகள் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். ஒரு அறையில் அளவான ஆட்கள்தான். மருந்தும் அன்றைக்குத் தேவையான அளவுதான். விதியை விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மண் பல தடவை கண்ணீரோடு பார்த்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

அடுப்படி ஆபத்து அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் பாடம் ஒன்றே. பலகாரம் சுடும்போது நைலான், பாலியஸ்டர் புடவையும் நைட்டியும் வேண்டாம். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மடிக்கிற வேலைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் அது கூடத்தில். அடுப்புப் பக்கம் ஒருத்தர் மட்டும். 'எப்பம்மா வேகும்?' என்று எட்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு வாசற்படியே எல்லை. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். கைப்பிடியை உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

இன்னொன்று, நேரம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தூக்கக் கண்ணோடு வாணலி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சோமாசி வெடித்ததும் அந்த நேரத்தில்தான். பூரணத்தை முதல் நாளே பொடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் சுடுங்கள். பாதி அலுப்பு குறையும்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ இன்னும் பரவும். கேஸை நிறுத்தி, பெரிய மூடியால் மூடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

கை சுட்டுவிட்டால்?

உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, டூத் பேஸ்ட், இங்க், மஞ்சள்... எதுவும் பூசக் கூடாது. புண்ணில் கிருமி சேரும். டாக்டர் பார்க்கும்போது காயத்தின் ஆழமும் தெரியாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலோ, சுட்டுக்கொண்டது குழந்தை என்றாலோ ஆஸ்பத்திரிக்குப் போவதில் தாமதம் கூடாது. பெரிய காயமென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பட்டாசுக் காயத்துக்கும் முதலுதவி இதேதான்.

மிச்ச எண்ணெயை என்ன செய்வது?

விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் எண்ணெய் விலையைப் பார்க்கும்போது மிச்சத்தைக் கொட்ட மனசு வராது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து, உடலுக்கு ஆகாத பொருட்கள் உண்டாகின்றன. இப்படிச் சேரும் பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி.

வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. கண்ணும் மூக்கும் போதும். கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி, காறல் வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நல்ல நிறத்தில் இருந்தால் ஆறவைத்து வடிகட்டி, சில நாட்களுக்குள் தாளிப்புக்குச் செலவழித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். புது எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம். ஆரம்பத்திலேயே சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிச் சுட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

எத்தனை சாப்பிடலாம்?

மேலே சொன்ன அளவில் ஒரு சோமாசிக்குச் சுமார் 125 கலோரி வரும். அதாவது ஏறக்குறைய இரண்டு இட்லி! காபியோடு 'சும்மா' நாலு தின்றால் எட்டு இட்லிக் கணக்கு. ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் சர்க்கரை வேறு.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், ''வெல்லம் போட்டுச் செஞ்சிருக்கேன், நீங்க சாப்பிடலாம்'' என்று சொல்லாதீர்கள். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மேல் மாவும் மைதா. சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்து, பொட்டுக்கடலையையும் முந்திரியையும் கொஞ்சம் கூட்டினால் ருசி குறையாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால், சின்னதாக ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறைவு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அவனில் சுடலாமா?

சுடலாம். வீட்டில் அவன் இருந்தால் 180 டிகிரியில் முன்கூட்டியே சூடேற்றி, சோமாசியின் மேல் லேசாக நெய் தடவி, 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒருதரம் திருப்பிவிடுங்கள். பொரித்ததன் மொறுமொறுப்பு வராது. பிஸ்கட் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்கு 20 கலோரிக்கு மேல் குறையும். எண்ணெய் தெறிக்கும் பயமும் இல்லை. பாதி பொரித்தது, பாதி சுட்டது என்று செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐப்பசி மழைக் காற்றில் பட்டாசும் நமுக்கும், பலகாரமும் நமுக்கும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக்கை படாமல் எடுத்தால் பத்து நாளைக்குக் கரகரப்பு போகாது.

எங்கள் வீட்டில் இப்போது 25 சோமாசிதான் கணக்கு. அத்தை ஓரம் மடிக்கிறார். மதினி முழுக்கைப் பருத்தி ரவிக்கையோடு அடுப்படியில். மூன்று தீபாவளியாக வாணலியில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வெடிச் சத்தமெல்லாம் வாசலில் மட்டும்தான்!