காய்க்கும் காடும் பறக்கும் குருவியும்

பறவைகள் குளிருக்கு அஞ்சியே இடம் பெயர்கின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கனடாவின் வடபகுதிக் காடுகளில் வாழும் விதையுண்ணும் சிறு குருவிகளுக்கு இது பொருந்தாது. விதை இருக்குமாயின் அவை உறைபனியிலும் அங்கேயே தங்கிவிடும். அவற்றை ஊர்விட்டு ஊர் துரத்துவது பசியே ஆகும்.

அக்காடுகளில் ஸ்புரூஸ், பைன் முதலிய ஊசியிலை மரங்கள் நிறைந்துள்ளன. அவற்றின் விதைகள், கூம்பு வடிவக் காய்களின் செதில்களுக்கிடையே மறைந்திருக்கும். இரப்பர் மரம் ஆண்டுதோறும் காய்த்து வெடிப்பதைத் தோட்டத்து அன்பர்கள் அறிவர். ஸ்புரூஸ் மரமோ ஓராண்டு கிளை தாழக் காய்க்கும். அடுத்த ஆண்டு ஏறக்குறைய வெறுமையாய் நிற்கும். பரந்த நிலப்பரப்பிலுள்ள மரங்கள் ஒருசேர இவ்வாறு செய்வது வியப்புக்குரியது.

இதற்குக் காரணம் என்ன? வெப்பமும் வறட்சியும் மிக்க கோடையில் உருவாகும் மொட்டுகள் மறு ஆண்டில் காய்களாகின்றன. பெருவிளைச்சலால் மரத்தின் சேமிப்பு கரைவதால், அதன்பின் ஓய்வு தேவைப்படுகிறது. மரத்திற்கு இதனால் நன்மையும் உண்டு. காய்ப்புக் குன்றிய ஆண்டுகளில் விதை தின்னும் உயிர்கள் குறைகின்றன. பின்னர் மிகுதியாகக் காய்க்கும்போது, தின்றது போக எஞ்சிய விதைகள் முளைக்கின்றன.

'கிராஸ்பில்' என்னும் குருவியின் அலகு நுனிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டிருக்கும். அவற்றால் செதிலை நெம்பி அது விதையை எடுக்கிறது. அதில் ஒருவகை, நாளொன்றுக்கு 3,000 விதைகள் வரை உண்ணும். விதை அற்றுப்போனால் கூட்டமாகப் புறப்பட்டுவிடும். 1251-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இத்தகைய பறவைகள் திடீரென வந்திறங்கி, ஆப்பிள்களைப் பிளந்து விதைகளைத் தின்றதை மேத்யூ பாரிஸ் என்னும் துறவி எழுதி வைத்துள்ளார்.

2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'பைன் சிஸ்கின்' குருவிகள் பெருந்திரளாக அமெரிக்காவில் பரவின. மக்கள் இரக்கத்துடன் வைத்த தீனித் தட்டுகளில் அவை நெருக்கியடித்தன. சால்மொனெல்லா நோய் பரவிப் பல மடிந்தன. 2021-இல் மனிதரையும் அந்நோய் தொற்றியது. தட்டுகளைக் கழுவுமாறும், சில இடங்களில் அகற்றுமாறும் அதிகாரிகள் அறிவுறுத்தினர். ஈகைக்கும் துப்புரவு துணை வேண்டும்.

இவ்வியல்பு நம் நாட்டிற்கும் புதிதன்று. சபா, சரவாக் காடுகளில் மெராந்தி போன்ற மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரக் காய்க்கின்றன. தாடிப் பன்றிகள் அவற்றைத் தேடி நெடுந்தொலைவு நடக்கின்றன. ஓரிடத்தில் விதை அற்றால் வேறிடம் செல்ல அவ்வுயிர்களுக்குக் காடு வேண்டும். ஆகவே, பரந்த காடுகளைத் துண்டுபடாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.