பட்டியலில் காணாமல் போன பெயர்

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் தயாரித்துக் கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒரு பொதுக்குழுக் கூட்டத்தன்று வாக்களிக்க வந்த வயதான அம்மையார் ஒருவரிடம், "உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே" என்று மேஜையில் இருந்த தொண்டர் சொல்லிவிட்டார். அவரும் எதுவும் பேசாமல் வீடு திரும்பிவிட்டார். மறுநாள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெயர் இருந்தது; இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை.

அகர வரிசைப்படி கமலா, கலா, கவிதா, கனகா என்றுதான் பெயர்கள் வர வேண்டும். மெய்யெழுத்துகளில் 'ன' கடைசி அல்லவா? அந்தப் பட்டியலிலோ கனகா முதலிலேயே நின்றது. கடைசியில் வர வேண்டிய ஜானகி போன்ற பெயர்கள், 'ச' வரிசை முடிந்ததும் நடுவில் புகுந்திருந்தன. விசித்திரம் என்னவென்றால், அதே புரோகிராமை நான் கையால் ஓட்டினால் வரிசை சரியாக வந்தது. இரவில் கிரான் என்ற நேரக் கட்டுப்பாட்டு ஏற்பாடு தானாக ஓட்டினால் தவறாக வந்தது.

காரணம் இதுதான். பைத்தான் மொழியில் எழுதிய என் புரோகிராம், வரிசைப்படுத்தும் வேலையை லினக்ஸில் உள்ள 'சார்ட்' என்ற வேறொரு புரோகிராமிடம் ஒப்படைக்கிறது. எந்த மொழியின் முறைப்படி அடுக்குவது என்பதை 'சார்ட்' தன் சூழல் மாறிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்பார்கள். மொழி எதுவும் சொல்லப்படாவிட்டால் யூனிகோடு எண்களின் வரிசைதான். அந்த எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்தது 'ன'; 'ச'வுக்குப் பின், 'ஞ'வுக்கு முன் 'ஜ'.

சூழல் மாறிகள் 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அறிமுகமானவை. இவற்றை விளக்க ரயில்வே உதாரணம் ஒன்று சொல்கிறேன். வண்டி புறப்படும் முன் ஓட்டுநரிடம் 'காஷன் ஆர்டர்' என்ற தாளைக் கொடுப்போம். எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்ற கட்டுப்பாடுகள் அதில் இருக்கும். வண்டி கிளம்பிய பிறகு நிலையத்துப் பிரதியில் எதைத் திருத்தினாலும் ஓட்டுநர் கையில் உள்ள தாள் மாறாது. ஓட்டுநர் தன் தாளில் கிறுக்கினாலும் நிலையத்துப் பிரதி மாறாது. ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போதும் இப்படித்தான். தாய்ப் புரோகிராமின் சூழல் பட்டியல் ஒரு பிரதியாகச் சேய்க்குப் போகிறது. அதற்குப் பின் இரண்டுக்கும் தொடர்பில்லை.

மொழி அமைப்பை நான் என் லாகின் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். நான் உட்கார்ந்து ஓட்டினால் அது என் புரோகிராமுக்கும், அதன் வழியாக 'சார்ட்'டுக்கும் போய்ச் சேரும். கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. மிகச் சில மாறிகளை மட்டுமே கொடுத்து அனுப்புகிறது. தாயிடம் இல்லாததைச் சேய் எங்கிருந்து பெறும்?

திருத்தம் எளிது என்று நினைத்தேன். பைத்தானின் 'சப்பிராசஸ்' தொகுப்பில், சேய்க்கான சூழலைத் தர 'என்வ்' என்ற இடம் உண்டு. அதில் மொழி மாறியை மட்டும் எழுதினேன். வரிசை சரியாயிற்று. ஆனால் அதே முறையில் தொடங்கப்பட்ட, என் சொந்த அடைவில் உள்ள அச்சுப் புரோகிராம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. அங்கே நாம் கொடுப்பது பழைய பட்டியலுடன் சேராது. அதற்குப் பதிலாகவே நிற்கும். புரோகிராம்களைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் 'பாத்' மாறியும் அதனால் பறிபோயிற்று.

ஆகவே சரியான முறை இது: முதலில் இருக்கும் சூழலை முழுவதும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதியில் வேண்டியதைச் சேர்த்து அல்லது மாற்றி, அதைச் சேய்க்குக் கொடுக்க வேண்டும். தாயின் சூழலையே மாற்றினால், அதற்குப் பின் தொடங்கும் எல்லாச் சேய்களுக்கும் அந்த மாற்றம் போய்விடும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரங்களே. எண்ணை அப்படியே கொடுத்தால் பைத்தான் ஏற்காது. மாறியின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. நாம் கேட்கும் மொழி அமைப்பு கணிப்பொறியில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் 'சார்ட்' வாய் திறக்காமல் பழைய எண் வரிசைக்கே திரும்பிவிடும். கடவுச்சொற்களைச் சூழலில் வைப்பதிலும் கவனம் தேவை. சேய், பேரன் என்று எல்லாப் புரோகிராம்களுக்கும் அவை பரம்பரைச் சொத்துபோல் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போதெல்லாம் பட்டியலை அனுப்பும் முன் சூழலை வேண்டுமென்றே வெறுமையாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். அதிலும் சரியாக வந்தால்தான் அச்சுக்குப் போகும்.

அந்த அம்மையாரின் வீட்டுக்குப் புதிய பட்டியலுடன் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "அதனாலென்ன தம்பி, அடுத்த வருஷம் போட்டுக்கறேன்" என்றார்.